பேத்தியின் தமிழ் வகுப்பும் பின்னால் தள்ளும் எஞ்சினும்

மைசூர் அக்ரஹாரத்தில், நூற்றொரு கணபதி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. சென்ற ஆண்டில் சில வாரங்கள், சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்றாலே வீட்டில் எல்லோருக்கும் ஒரு படபடப்பு. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு இணையவழித் தமிழ் வகுப்பு தொடங்கும் நேரம் அது. மருமகள் லேப்டாப்பைத் திறந்து வைப்பாள். மகன் ஹெட்ஃபோனைத் தேடிக்கொண்டிருப்பான். வகுப்பில் உட்கார வேண்டியவள் மட்டும் மொட்டை மாடியில் இருப்பாள். அழைத்து வந்து உட்கார வைத்தாலும், காமிராவை அணைத்துவிட்டு வேறு ஏதாவது செய்துகொண்டிருப்பாள். மூன்றாவது வாரம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: "ஸாகாய்த்து தாத்தா!"

கன்னடம் அறிந்த அன்பர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போதும் போதும் என்று ஆகிவிட்டது என்று பொருள். தமிழ் வகுப்பு வேண்டாம் என்பதைக்கூட அவள் கன்னடத்தில்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

வீட்டில் அவள் நன்றாகவே தமிழ் பேசுவாள். ஆனால் படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று மூன்று மொழிகள். அவற்றுக்கு நடுவே தமிழுக்கு இடமில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிழைக்க வந்த ஊரின் மொழியைக் குழந்தைகள் நன்றாகக் கற்பது நமக்குப் பெருமைதான். ஆனால் திருச்சியில் ரயிலை விட்டு இறங்கியதும், கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் என்னைக் கேட்கும்போது மனத்துக்குள் ஏதோ செய்கிறது. இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. நம் சங்கத்து அன்பர்கள் சிலரிடம் விசாரித்தபோது, "எங்க வீட்லயும் பணம் கட்டினோம் சார், ஒரு மாசம்தான் ஓடுச்சு" என்றே பலரும் சொன்னார்கள்.

நான் டிப்ளமா படித்தவன். 1982 முதல் 2019 வரை ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்தவன். மனோதத்துவம் என் துறை அன்று. பேத்தி மாடிக்கு ஓடியதால் அதைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும், அதில் தவறிப் போனதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சேருவோர் பலர், முடிப்போர் சிலர்

ஆசிரியர் ஓரிடத்தில், மாணவர் வேறோரிடத்தில் என்ற படிப்பு நமக்குப் புதிதன்று. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சாசனம் பெற்றது. மைசூரில் அன்று தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிலையமே வளர்ந்து, 1996-இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் உண்டு.

தமிழுக்கும் இப்படி ஒரு வழி வேண்டும் என்று முன்பே நினைத்தவர்கள் இருக்கிறார்கள். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதன் பயனாக 2001 பிப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதை உருவாக்குவதில் முன்னின்றவர் டாக்டர் வா.செ. குழந்தைசாமி. நீர்வளப் பொறியியல் அறிஞர்; அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், பிறகு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தவர். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் போன்றோரின் குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே சான்றிதழ் நிலையிலிருந்து பட்டம் வரை தமிழ் படிக்கலாம் என்பது அதன் நோக்கம். இப்போது தனியார் வகுப்புகளும் நிறைய வந்துவிட்டன. ஆகவே பாடத்துக்குப் பஞ்சமில்லை. தொடங்கியவர் தொடர்ந்து படிப்பதுதான் பஞ்சமாக இருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் மின்சுற்றுகள் பற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் தந்தது. நடத்திய ஆசிரியர் குழுவின் தலைவர் அனந்த் அகர்வால், நம் மங்களூரில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! இலவசம் என்பதால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் அதில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் கணக்கு கணக்குதான்.

அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்களில் ஒருவன் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன். "பாருங்கள், ஆர்வம் இருந்தால் எங்கிருந்தும் படிக்கலாம்" என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் விவரத்தைப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. அவன் பள்ளியின் தலைமையாசிரியரே எம்.ஐ.டி.யில் படித்தவர். அவருடைய ஏற்பாட்டில், பொறியியல் ஆய்வு மாணவர் ஒருவர் பெட்டி நிறையக் கருவிகளோடு அங்கே போய்த் தங்கி, சோதனைகள் செய்து பார்க்கத் துணை நின்றார். கூடப் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பையனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவன் தனியாக இல்லை என்பதை மட்டும் அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த முதல் தவறு

பேத்தி "ஸாகாய்த்து" என்றதும், தாத்தாக்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "ஒரு பாடம் முடிச்சா பத்து ரூபாய் கண்ணு" என்றேன். மறுநாளே மூன்று பாடம் முடித்தாள். வீடே மகிழ்ந்தது. இரண்டாவது வாரம்தான் சூட்சுமம் தெரிந்தது. வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கேள்விக்கு நான்கு விடைகளில் ஒன்றைக் குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டிருந்தாள். தவறானால் அடுத்ததை அழுத்த வேண்டியதுதானே! முப்பது எழுத்து படித்ததாகப் பதிவாகியிருந்தது. எழுதச் சொன்னால் ஆறு எழுத்து வந்தது. பணத்தை நிறுத்தினேன். வகுப்பும் நின்றது.

இதைத் தெரிந்துகொள்ள நான் பத்து ரூபாய் நோட்டுகளைச் செலவழித்திருக்கவே வேண்டாம். 1971-இலேயே எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் செய்து காட்டியிருக்கிறார். 'சோமா' என்று ஏழு துண்டுகளால் ஆன ஒரு புதிர் விளையாட்டு உண்டு. கல்லூரி மாணவர்களிடம் அதைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு, சரியாக முடித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் தந்தார். மற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. அடுத்த முறை இரு பிரிவினருக்கும் பணம் இல்லை. நடுவில் சிறிது நேரம் "உங்கள் விருப்பம்போல் இருங்கள்" என்று விட்டுவிட்டு மறைவிலிருந்து கவனித்தார். முன்பு பணம் வாங்கியவர்களே புதிரைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதே ஆய்வில், பணத்துக்குப் பதில் வாய்ப் பாராட்டுப் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

1973-இல் மார்க் லெப்பர் என்பவரும் நண்பர்களும் மழலைப் பள்ளியில் இதேபோல் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள குழந்தைகள். "வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று சிலருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப்போல் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு இந்தக் கெடுதல் இல்லை.

பரிசே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 'இதைச் செய்தால் அது' என்று பேரம் பேசிவிட்டால், குழந்தையின் மனத்தில் படிப்பு கூலி வேலையாகிவிடுகிறது. கூலி நின்றால் வேலையும் நிற்கும். இணைய வகுப்புகளில் புள்ளிகள், பதக்கங்கள், மின்னும் நட்சத்திரங்கள் என்று அள்ளித் தருகிறார்கள். அளவோடு இருந்தால் தவறில்லை. ஆனால் அவற்றையே நம்பி நாம் பக்கத்து அறைக்குப் போய்விட்டால், குழந்தை நட்சத்திரம் சேர்ப்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

பிரிக்காத பாடக் கட்டு

பேத்தியைக் கண்டிக்க வாயெடுத்த ஒரு நாள், என் மனைவி மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள்: "உங்க ஏ.எம்.ஐ.இ. கட்டு ஞாபகம் இருக்கா?"

ரயில்வே நண்பர்களுக்கு ஏ.எம்.ஐ.இ. என்றால் தெரியும். டிப்ளமா படித்தவர்கள் வேலையில் இருந்துகொண்டே அந்நாளில் பொறியியல் பட்டத்துக்கு இணையாகக் கருதப்பட்ட தகுதி பெற, இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் நடத்திய தேர்வு. 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று இரண்டு. 1985-இல் அரசிகெரேயில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது நான் பதிவு செய்தேன். ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து பாடங்கள் தபாலில் வரும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சிக்னல் பிரிவு நண்பர் ஒருவர். அவரும் பதிவு செய்திருந்தார். இரவுச் சாப்பாடு ஆனதும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். அவருக்குக் கணக்கு வரும், எனக்கு இயந்திரவியல் வரும். ஒருவர் போகாவிட்டால் மற்றவர் வந்து கதவைத் தட்டிவிடுவார். 1988-க்குள் இருவரும் 'ஏ' பிரிவில் தேறினோம்.

அந்த ஆண்டே அவருக்கு மாறுதல் வந்தது. 'பி' பிரிவுப் பாடங்கள் எனக்குத் தபாலில் வந்துகொண்டுதான் இருந்தன. முதல் கட்டைப் பிரித்தேன். இரண்டாவதை மேஜை மேல் வைத்தேன். மூன்றாவது கட்டிலுக்கு அடியில் போயிற்று. வேலைப் பளு, டூட்டி நேரம், குழந்தை பிறந்தது என்று காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அவையெல்லாம் 'ஏ' பிரிவு எழுதியபோதும் இருந்தவைதான். சில ஆண்டுகள் கழித்து ஒரு போகிப் பண்டிகையன்று, "இதை எரிச்சுடட்டுமா?" என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அது முடியவில்லை.

மனைவி நினைவூட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் ஊக்கம் திடீரென்று செத்துப் போய்விடவில்லை. கதவைத் தட்ட ஆள் இல்லாமல் போயிற்று. அறுபதைக் கடந்தவன் முப்பது வயதில் செய்ய முடியாததை, பதினொரு வயதுக் குழந்தை ஒரு திரையின் முன்னால் தனியாகச் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்வது என்ன நியாயம்?

மனத்துக்கு வேண்டிய மூன்று

முன்னே சொன்ன டெசியும், ரிச்சர்ட் ரையன் என்பவரும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1985-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அவர்களும் பின்வந்தவர்களும் வளர்த்த கொள்கையின் சாரம் எளிது. ஒருவர் ஒரு வேலையைத் தானாக விரும்பித் தொடர்ந்து செய்ய மனத்துக்கு மூன்று வேண்டும். இது என் விருப்பப்படி நடக்கிறது என்ற உணர்வு ஒன்று. என்னால் முடிகிறது என்ற உணர்வு இரண்டு. என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு மூன்று. நேரில் நடக்கும் வகுப்பில், நண்பர்களாலும் ஆசிரியர் முகத்தாலும் இவை ஓரளவு தாமாகவே கிடைத்துவிடும். திரைக்கு முன்னால் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

முதலில் விருப்பம். "தமிழ் படிக்க வேண்டுமா, வேண்டாமா" என்பதை அவளிடம் விடவில்லை. ஆனால் எப்போது, எங்கே, எதிலிருந்து என்பதை அவளிடமே விட்டோம். நேரடி வகுப்புக்குப் பதிலாகப் பதிவு செய்த பாடத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறேன் என்றாள். கூடத்தில் வேண்டாம், சாப்பாட்டு மேஜையில் என்றாள். அ, ஆ என்று வரிசையாக வேண்டாம், வீட்டில் உள்ளவர்கள் பெயரில் வரும் எழுத்துகள் முதலில் என்றாள். ஆசிரியையிடம் பேசினோம். அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார். மாடிக்கு ஓடுவது அன்றோடு நின்றது.

அடுத்து, முடியும் என்ற உணர்வு. இங்கே கன்னடம் கைகொடுத்தது. "கன்னடத்துல எத்தனை மெய்யெழுத்து?" என்று கேட்டேன். "முப்பத்து நாலு" என்றாள். "தமிழ்ல பதினெட்டுதான்" என்றேன். "அவ்வளவுதானா தாத்தா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான்கு 'க'வுக்கும் ஒரே எழுத்துதான் என்பதில் அவளுக்கு ஒரே ஆனந்தம்!

பிறகு ஒரு சிறு தந்திரம். திருச்சியிலிருந்து ஆண்டுதோறும் எங்களுக்குத் தினசரிக் காலண்டர் வரும். அதன் தாளில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல்லில் பலன் போட்டிருக்குமே, அன்பர்களுக்குத் தெரியும். லாபம், சுகம், வரவு, செலவு, அலைச்சல். காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அவளிடம் கொடுத்தோம். வீட்டில் ஐந்து பேர், ஐந்து சொற்கள். முதல் வாரம் ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு, "தாத்தாவுக்கு இன்னைக்கு அலைச்சல், பாட்டிக்கு லாபம்" என்று கூவிக்கொண்டே வருவாள். அதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள்! குழந்தைக்குத் தினமும் ஐந்து சிறு வெற்றிகள் கிடைத்தன என்பதுதான் முக்கியம். கடினமான பாடத்தைத் துண்டு துண்டாக்கிக் கொடுப்பதும், படித்ததை அன்றே பயன்படுத்த வைப்பதும் எந்தப் பதக்கத்தையும்விட மேலானவை.

மூன்றாவது, உடன் இருப்பவர். இங்குதான் அந்தப் பழைய கட்டு எனக்கு வழி காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து "படி படி" என்று சொல்லாமல் நானும் ஏதாவது படிப்பது என்று முடிவு செய்தேன். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்திட்டம் இருக்கிறது. சேர்வதற்குக் கட்டணமில்லை. வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. விரும்பினால் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்தில் தேர்வு எழுதலாம். மண் இயக்கவியல் பற்றிய பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். ரயில் பாதையின் கரைகளோடு முப்பத்தேழு ஆண்டு மாரடித்தவனுக்கு அதில் ஆசை இருக்காதா? ஞாயிறு காலை பத்து மணி, ஒரே மேஜை, இரண்டு திரைகள். ஐந்தாவது வாரம் எனக்குச் சலிப்புத் தட்டியது. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது: "உங்க அசைன்மென்ட் முடிச்சாச்சா தாத்தா?"

உடன் இருப்பவருக்குப் பாடம் தெரிய வேண்டுமா?

"எனக்கே தமிழ் இலக்கணம் வராது. நான் எப்படிப் பக்கத்தில் உட்காருவது?" என்று இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி.

சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர், காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்தில் ஒரு சோதனை செய்து 2010-இல் வெளியிட்டார். தமிழ் மட்டுமே பேசும் சிறுவர் சிறுமியர். பொது இடத்தில் ஒரு கணினி. அதில் ஆங்கிலத்தில் உயிரியல் பாடம். ஆசிரியர் கிடையாது. ஏறக்குறைய ஒன்றும் தெரியாத நிலையில் தொடங்கிய குழந்தைகள், இரண்டு மாதத்துக்கு மேல் தாங்களே தட்டித் தடவிப் பார்த்து, தேர்வில் சுமார் 30 சதவிகிதம் எடுத்தார்கள். அதன் பிறகு அவர்களோடு பழகிய ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. பாட்டி செய்வதைச் செய்யச் சொன்னார். பின்னால் நின்று, "அடேயப்பா, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் காட்டு" என்று வியப்பதுதான் வேலை. மதிப்பெண் சுமார் 50-க்கு உயர்ந்தது. இவருடைய சோதனைகள் பற்றி அறிஞர்களிடையே மாற்றுக் கருத்துகளும் உண்டு. ஆனால் பேரக் குழந்தைகளை வளர்த்த எந்தப் பாட்டிக்கும் இந்த முடிவு வியப்பாக இராது.

கொரோனாக் காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020-இல் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டில் 2019-இலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி இருந்தது. பல பிள்ளைகள் கையில் செல்பேசியும் இருந்தது. அப்படியிருந்தும் கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பில் பெரும் பள்ளம் விழுந்தது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில், விழுந்த பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது என்றும், அதில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தெருவில் தெரிந்த ஒரு அக்கா காத்திருக்கிறாள் என்றால் குழந்தை போகிறது.

எங்கள் மைசூர் கோட்டத்தில் சுப்ரமண்யா ரோட்டிலிருந்து சக்லேஷ்பூர் வரை 55 கிலோமீட்டர் மலைப் பாதை உண்டு. ஐம்பது அடி போனால் ஓரடி ஏற்றம். ரயில் பாதைக்கு அது செங்குத்து மாதிரி. முன்னால் எவ்வளவு வலுவான எஞ்சின் இருந்தாலும், மலையேறும் வண்டிக்குப் பின்னாலும் எஞ்சின் பூட்டுவார்கள். 'பேங்கர்' என்று சொல்வோம். அது வண்டியை இழுப்பதில்லை. எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வதுமில்லை. வண்டி பின்வாங்காதபடி தள்ளிக்கொடுக்கும். உச்சிக்கு வந்ததும் கழற்றிவிடுவார்கள். இணையத்தில் படிக்கும் குழந்தைக்குப் பெற்றோரும் தாத்தா பாட்டியும் பேங்கர் எஞ்சின்தான். நாம் முன்னால் போய் இழுக்கத் தொடங்கினால் கப்ளிங் அறுந்துவிடும்.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

1. நேரத்தையும் இடத்தையும் முன்பே குறித்துவிடுங்கள். "இந்த வாரம் படிப்பேன்" என்பதைவிட, "ஞாயிறு காபி குடித்ததும் இந்த மேஜையில் படிப்பேன்" என்று முடிவு செய்தவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதியிருக்கிறார். ரயில்வேக்காரனுக்கு இது தெரியாதா? அட்டவணையில் இல்லாத வண்டி எந்த ஸ்டேஷனுக்கும் வராது.

2. அந்த நேரத்தைக் குழந்தையே குறிக்கட்டும்.

3. ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றும்போதே மூடிவிடுங்கள்.

4. விலை பேசாதீர்கள். முடித்த பிறகு, எதிர்பாராத நேரத்தில் வாணி விலாஸ் மார்க்கெட் பக்கம் அழைத்துப் போய் ஏதாவது வாங்கிக் கொடுங்கள். "கெட்டிக்காரி" என்று பொதுவாகப் புகழ்வதைவிட, "ழகரத்தை இன்னைக்குத் தடுமாறாம எழுதிட்டியே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

5. ஒரு வாரம் தவறிவிட்டால் விசாரணை வைக்காதீர்கள். "அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று விட்டுவிடுங்கள். இணையப் படிப்பு பெரும்பாலும் நிற்பது, ஒரு பாடம் விட்டுப்போய், அந்த வெட்கத்தில் அடுத்ததும் விட்டுப்போகும்போதுதான்.

6. கற்ற எழுத்துக்கு வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். மளிகைச் சீட்டு, டப்பாக்களில் பெயர், காலண்டர், கடிதம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சங்கக் கூடத்தைத் திறந்து வைத்தால் போதும். எந்த வகுப்பில் படிக்கும் குழந்தையும் வரட்டும். அங்கே யாரும் பாடம் நடத்த வேண்டாம். படித்ததை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டட்டும். நாம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்போம். திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை இதற்கென்றே வைத்திருக்கிறார். அவற்றைக் குழந்தைகளுக்கு உபதேசிப்பதற்கு முன், நாம் அங்கே போய் உட்கார்ந்து காட்டலாம்.

கொள்ளுப் பாட்டியின் கடிதம்

திருச்சியில் என் தம்பி வீட்டில் இருக்கும் என் தாயாருக்கு 88 வயது. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. காது சரியாகக் கேட்காததால் தொலைபேசியில் பேசுவதும் சிரமம். காலண்டர் வாசிப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆனதும், பேத்தியின் பெயருக்கே ஒரு இன்லாண்டு கடிதம் எழுதும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். பெரிய பெரிய எழுத்தில் ஏழு வரி வந்தது. தன் பெயருக்குத் தபால் வருவது பேத்திக்கு வாழ்க்கையில் முதல் தடவை. "நான் படிச்சுச் சொல்லட்டுமா?" என்றேன். "வேணாம், என் லெட்டர்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாள் ஆயிற்று. இரண்டு சொற்களுக்கு மட்டும் என்னிடம் வந்தாள்.

பதில் அவளே எழுதினாள். 'அன்புள்ள கொள்ளுப் பட்டிக்கு' என்று தொடங்கியிருந்தாள். துணைக்கால் விட்டுப்போயிற்று. திருத்தலாமா என்று யோசித்து, அப்படியே தபாலில் போட்டேன். அடுத்த வாரம் அம்மாவின் பதில் வந்தது: 'பட்டி சௌக்கியம். பட்டியில் உள்ள ஆடு மாடும் சௌக்கியம்.' படித்துவிட்டு ஐந்து நிமிடம் விழித்தாள். பிறகு தன் தவறு புரிந்து, வீடு அதிரச் சிரித்தாள். அந்தத் துணைக்காலை இனி அவள் மறக்க மாட்டாள்.

அடிப்படை நிலையை அவள் முடித்துவிட்டாள். அடுத்த நிலை மெதுவாகத்தான் போகிறது. நடுவில் பள்ளித் தேர்வுக்காக ஒரு மாதம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கினாள். நானும் மண் இயக்கவியல் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். என் சான்றிதழைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி: "அடுத்து என்ன கோர்ஸ் தாத்தா? ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் தனியா உக்காரணுமா?"

கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தப் பழைய கட்டைத் தூசி தட்டி எடுத்தேன். பாடங்கள் இப்போது செல்லாது. ஆனால் எந்தப் பாடத்தில் விட்டேன் என்று அதில் குறித்து வைத்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன்.